ஓர் எழுத்து மாறும் முன்பே

மருந்து வேதியியல் படிக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

இந்த ஆண்டு மதிப்பீட்டுக்காக என் மேசைக்கு வந்த ஆய்வேடுகளில் பதினொன்று, புற்றுநோய்க்கான கைனேஸ் தடுப்பான்களைப் பற்றியவை. பதினொன்றையும் வரி விடாமல் படித்தேன். மஞ்சள், நிலவேம்பு, ஆடாதோடை என்று நம் மூலிகைகளிலிருந்து எடுத்த மூலக்கூறுகளும் இருந்தன. நீங்களே யோசித்து வரைந்தவையும் இருந்தன. கடன் வாங்கிய மடிக்கணினியில் இரவெல்லாம் டாக்கிங் ஓடவிட்டு, விடிந்ததும் முடிவைப் பார்க்க எழுந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் உழைப்பில் நான் குறை காணவில்லை.

ஆனால் பதினொன்றில் ஒன்பது ஆய்வேடுகள் எடுத்துக்கொண்டது ஒரே புரத அமைப்பை. ஈ.ஜி.எஃப்.ஆர். கைனேஸ், எர்லோடினிப் மருந்தோடு சேர்ந்த படிக அமைப்பு, புரதத் தரவு வங்கியில் அதன் அடையாளம் 1எம்17. மரபணு மாற்றம் எதுவும் இல்லாத, நம் தோலிலும் குடலிலும் நலமாக வேலை பார்க்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். அது. நோயாளியின் நுரையீரல் கட்டியை வளர்ப்பது மாற்றம் அடைந்த வேறொரு வடிவம். மருந்து ஓராண்டு வேலை செய்து, பிறகு பலிக்காமல் போகும்போது அங்கே பெரும்பாலும் இருப்பது இன்னும் ஒரு படி மாறிய வடிவம். நலமான புரதத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று மட்டும் அளந்தால், நோயாளிக்கு வரப்போகும் தோல் தடிப்பையும் வயிற்றுப்போக்கையும்தான் நாம் அளந்தவர்கள் ஆவோம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் அச்சுக்கோப்பவராக இருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் வேலை. கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்து மாறினால் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள் என்பார். 2006இல் அவருக்கு நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது, டாக்டர்கள் சி.எம்.எல். என்பார்கள். இமாடினிப் 400 மில்லிகிராம், தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு. சில வாரங்களில் வெள்ளணு எண்ணிக்கை இறங்கியது. மூன்று வருடம் கடைத்தெருவுக்குத் தானே நடந்து போய்க் காய்கறி வாங்கினார். பேத்தியின் காதுகுத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து மொய் நோட்டு எழுதினார். 2009இல் எண்ணிக்கை மறுபடி ஏறியது. வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு குறிப்பு: டி315ஐ.

அது என்னவென்று கேட்டார். மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்றேன். "ஒரு எழுத்துதானேடா? எடுத்துட்டு வேற போட முடியாதா?" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நான் ஒருநாள்கூட மாத்திரையை விட்டதில்லையே" என்றார். முதல் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தவறு அவர்மேல் இல்லை என்றேன். அந்த மாற்றத்தை அடக்கும் மாத்திரை அன்று எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடையாது. 2011இல் அவர் காலமானார்.

அவர் கேட்ட முதல் கேள்விக்கு உங்கள் துறை பிறகு பதில் கண்டுபிடித்தது. அந்தப் பதில் எப்படி வந்தது என்பதை உங்களுக்குச் சொல்லவே இந்த மடல்.

மனித மரபணுத் தொகுப்பை அலசி 2002இல் எடுத்த கணக்குப்படி நம் உடம்பில் 518 கைனேஸ்கள். ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டுவது இவற்றின் வேலை. அத்தனைக்கும் ஏ.டி.பி. வந்து உட்காரும் குழி ஏறக்குறைய ஒரே சாயல். ஒன்றை அடைக்கப் போய் நூறை அடைத்துவிடலாம். அதனால்தான் 1980களில் கைனேஸ் மருந்து நடக்காத காரியம் என்று பலர் ஒதுங்கினார்கள்.

சி.எம்.எல். நோயில் 9ஆவது, 22ஆவது குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் பிசிஆர், ஏபிஎல் என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டிப்போய், ஓய்வே எடுக்காத ஒரு கைனேஸ் உருவாகிறது. பாஸலில் சீபா-கைகி நிறுவனத்து வேதியியலாளர்கள் கையில் இருந்தது, பி.கே.சி. என்ற வேறொரு கைனேஸைத் தடுத்த ஒரு மூலக்கூறு. அதன் பென்சீன் வளையத்தில் சரியான மூலையில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். மூலக்கூறு திருகிக்கொண்டது, பி.கே.சி.யின் குழிக்குள் இனி அது பொருந்தவில்லை, ஏபிஎல்லில் பொருந்தியது. கரையும் தன்மைக்காகப் பிறகு ஒரு பைபரசின் வளையம் சேர்ந்தது. அதுதான் இமாடினிப். ஆரகனில் பிரையன் டிரக்கர் முன்னின்று நடத்திய முதல்கட்டச் சோதனையில், நாளுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் முழுமையாகச் சீரடைந்தன. 2001 மே 10ஆம் தேதி அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே லாஸ் ஏஞ்சல்ஸில் சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தும் நோய் திரும்பிய ஒன்பது பேரில் ஆறு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே மாற்றம்: ஏபிஎல்லின் 315ஆவது இடம்.

தரவு வங்கியில் 1ஐஈபி என்ற அமைப்பைத் திரையில் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழியின் உட்புறத்துக்குப் போகும் வழியில் திரியோனைன் நிற்கிறது. அதனால்தான் அதை வாயிற்காவலன் என்கிறோம். அதன் பக்கச்சங்கிலியில் ஓர் ஆக்சிஜன் இருக்கிறது. இமாடினிப்பின் நடுவில் இருக்கும் ஒரு என்ஹெச், அந்த ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. திரியோனைன் போய் ஐசோலியூசின் வந்தால் அந்த ஆக்சிஜன் இல்லை. அதன் இடத்தில் இரண்டு கார்பன் நீளத்துக்கு ஒரு வால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பிடிமானமும் போயிற்று, வழியும் அடைந்தது. ஏ.டி.பி. அந்த ஆக்சிஜனை நம்பி இருக்கவில்லை. அது எப்போதும்போல் வந்து உட்காருகிறது. கைனேஸ் ஓடுகிறது, மருந்து வெளியே நிற்கிறது.

இப்போது ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிஎல்லில் அந்தத் திரியோனைனுக்கான மூன்றெழுத்து ஏசிடி. நடு எழுத்து சி, டி ஆக மாறினால் ஏடிடி, அது ஐசோலியூசின். ஈ.ஜி.எஃப்.ஆர்.இல் அதே வாயிற்காவலன் 790ஆவது இடத்தில் நிற்கிறது, அங்கேயும் திரியோனைன்தான், ஆனால் அதன் மூன்றெழுத்து ஏசிஜி. அதே நடு எழுத்து அதேபோல் மாறினால் ஏடிஜி, அது மெத்தியோனைன். ஜெஃபிட்டினிப்பும் எர்லோடினிப்பும் பலிக்காமல் போன நோயாளிகளிடம் 2005இல் கண்ட டி790எம் இதுவே. இரண்டு நோய்கள், இரண்டு உறுப்புகள், ஒரே எழுத்துப்பிழை. மூன்றாவது எழுத்து வேறாக இருந்ததால் விளைந்த அமினோ அமிலம் வேறானது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் இருக்கும் மரபுக்குறியீட்டு அட்டவணை ஒன்று போதும், இதை எழுதிப் பார்க்க.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மருந்தை எந்த மாற்றம் தோற்கடிக்கும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே எழுதிவைக்க முடியும். எழுதிவைத்துவிட்டு அதற்கும் சேர்த்து மூலக்கூறை வரையுங்கள். வரையும்போது நலமான புரதத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் தந்திரமாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஆய்வேடுகளில் எழுதுகிறீர்கள். செல்லுக்குத் தந்திரம் தெரியாது. ஒரே களைக்கொல்லியைப் போகம் போகமாகத் தெளித்த வயலை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கும் களை, முதல் தெளிப்புக்கு முன்பே எங்கோ ஒரு வரப்போரம் நின்றிருக்கும். மற்றதெல்லாம் கருகியபின் வயல் அதற்கென்றே ஆகிவிடுகிறது. கோடிக்கணக்கான செல்கள் பிரியும்போது படியெடுப்பதில் பிழைகள் விழத்தான் செய்யும். சித்தப்பாவின் முதல் மாத்திரைக்கு முன்பே அந்தப் பிழை ஒரு செல்லில் இருந்திருக்கலாம். அவர் மாத்திரையை விடாமல் எடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் அவரிடம் சொன்னது ஆறுதலுக்காக அல்ல.

டி315ஐ மாற்றத்துக்கு முதல் பதில் பொனாடினிப். வாயிற்காவலனோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடவே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள் அரியட் நிறுவனத்து வேதியியலாளர்கள். மூலக்கூறின் நடுவில், ஐசோலியூசினைக் கடக்கும் இடத்தில், கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே ஒரு முப்பிணைப்பை வைத்தார்கள். முப்பிணைப்பு நேர்க்கோடாக, ஒல்லியாக இருக்கும். கூட்டமான பஸ்ஸில் உடம்பைப் பக்கவாட்டாகத் திருப்பிக்கொண்டு நுழைவதுபோல் அது வாலை இடிக்காமல் உள்ளே போய்விடுகிறது. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. சித்தப்பாவின் முதல் வருடத் திவசம் அதற்குள் முடிந்திருந்தது.

இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். எல்லா மாற்றங்களையும் தாண்டும் அளவுக்கு வலுவாக அமைந்த அந்த மூலக்கூறு, ரத்தக்குழாய்களுக்குத் தேவையான கைனேஸ்கள் உட்பட வேறு பலவற்றையும் பிடித்தது. மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு என்று செய்திகள் வந்தன. 2013 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தினார்கள். கடும் எச்சரிக்கைகளோடு சில வாரங்களில் அது திரும்பி வந்தது; வேறு வழியில்லாத நோயாளிகள் அதற்காகக் காத்திருந்தார்கள். பிறகு, 45 மில்லிகிராமில் தொடங்கி, நோய் கட்டுக்குள் வந்ததும் 15க்குக் குறைக்கும் முறையைச் சோதித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மருந்தால் உயிரோடு இருப்பவர்கள் உண்டு. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சி.எம்.எல். நோயாளி மாத்திரை எடுப்பது பத்து நாளைக்கு அல்ல, பல ஆண்டுகளுக்கு. மாற்றத்தை வெல்வது பாதி வேலை. மீதமுள்ள 517 கைனேஸ்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது மறுபாதி.

அந்த மறுபாதியை மனத்தில் வைத்து எழுந்தது அசிமினிப். நலமான ஏபிஎல் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளத் தெரிந்த புரதம். அதன் தலைப்பக்கம் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு நுனி ஒன்று ஒட்டியிருக்கும். ஏ.டி.பி. குழிக்குத் தொலைவில், கைனேஸின் அடிப்பகுதியில் உள்ள இன்னொரு குழிக்குள் அந்த நுனி போய்ச் செருகிக்கொண்டால் கைனேஸ் அடங்கிவிடும். பிசிஆரோடு ஒட்டும்போது ஏபிஎல்லின் தலைப்பக்கம் வெட்டுப்பட்டுப் போகிறது. குழி இருக்கிறது, செருக நுனி இல்லை. அந்தக் காலிக் குழியில் உட்காரும் மூலக்கூறுதான் அசிமினிப். இழந்த பிரேக்கைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் குழி மற்ற கைனேஸ்களில் இப்படி அமைவது அரிது என்பதால் வேறு இடங்களில் அது அதிகம் கை வைப்பதில்லை. பொசுடினிப் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்ட சோதனையில், பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்கள் அசிமினிப் பக்கம் 5.8 சதவீதம், பொசுடினிப் பக்கம் 21.1 சதவீதம். 2021 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி. டி315ஐ உள்ளவர்களுக்கும் அது உதவுகிறது. ஆனால் வழக்கமான 40 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை தரவேண்டியிருக்கிறது. அந்தக் குழியிலும் மாற்றங்கள் வருகின்றன. ஏ337வி அவற்றில் ஒன்று. ஒரு குழியை மாற்றும் செல்லுக்கு இன்னொரு குழி மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் இரண்டு குழிகளையும் சேர்த்து அடைக்கும் யோசனையும் பிறந்தது. அசிமினிப்பையும் ஏ.டி.பி. குழியை அடைக்கும் நிலோடினிப்பையும் ஒன்றாகக் கொடுத்த எலிகளில் நோய் திரும்பாததை 2017இல் காட்டினார்கள்.

இனி உங்கள் 1எம்17க்கு வருகிறேன். டி790எம் மாற்றம் டி315ஐ மாதிரியே இடத்தை அடைத்துக்கொள்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2008இல் வெளியான அளவீடுகள் வேறு காரணத்தைக் காட்டின: மாறிய கைனேஸ் ஏ.டி.பி.யை முன்னைவிட இறுகப் பிடிக்கிறது. செல்லுக்குள் ஏ.டி.பி. மில்லிமோலார் அளவில் நிரம்பிக் கிடக்கிறது. அந்தப் போட்டியில் மருந்து தோற்கிறது. அஃபாடினிப் போன்ற மருந்துகள் 797ஆவது இடத்துச் சிஸ்டீனோடு சகப்பிணைப்பு போட்டு, அவிழாமல் ஒட்டிக்கொண்டு போட்டியைத் தாண்டப் பார்த்தன. ஆனால் நலமான ஈ.ஜி.எஃப்.ஆர்.இலும் அதே சிஸ்டீன் உண்டு. மாறிய புரதத்தை அடக்கத் தேவையான அளவுக்கு மருந்தை ஏற்றுவதற்குள் தோலும் குடலும் தாங்காமல் போயின.

2009இல் பாஸ்டனில் டானா-ஃபார்பர் நிலையத்து ஆய்வாளர்கள் தேடலைத் திருப்பிப் போட்டார்கள். சகப்பிணைப்பு போடக்கூடிய பைரிமிடின் மூலக்கூறுகளை நேராக டி790எம் மாறிய கைனேஸ்மேல் சோதித்தார்கள். கிடைத்தது டபிள்யூசட்4002. அதன் குளோரின் அணு, இடைஞ்சல் என்று எல்லோரும் நினைத்த அந்த மெத்தியோனைன்மேலேயே சாய்ந்து நிற்கிறது. பழைய குயினசோலின் மருந்துகளோடு ஒப்பிட்டால் மாறிய புரதத்தில் 30 முதல் 100 மடங்கு வலுவாகவும், நலமான புரதத்தில் 100 மடங்கு வரை மென்மையாகவும் வேலை செய்தது. அதே தடத்தில் 2015 நவம்பரில் ஓசிமெர்டினிப் அனுமதி பெற்றது. பிறகு அதையே முதல் மருந்தாகக் கொடுத்த சோதனையில், நோய் முன்னேறாமல் நின்ற இடைநிலைக் காலம் 18.9 மாதம், பழைய மருந்துகளுக்கு 10.2 மாதம். அந்த 2015ஆம் ஆண்டிலேயே அடுத்த பிழையும் தெரியவந்தது: சி797எஸ். சிஸ்டீனின் டிஜிசி, ஏஜிசி ஆனால் செரின். கந்தகம் இருந்த இடத்தில் ஆக்சிஜன், சகப்பிணைப்பு விழவில்லை. இந்த மருந்து எந்த ஓர் அணுவை நம்பி நிற்கிறது என்று கேட்டிருந்தால், இதையும் பென்சிலால் எழுதியிருக்கலாம்.

ஆகவே உங்களிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, ஆய்வேட்டின் முடிவு அட்டவணையில் மூன்று பத்திகள் இருக்கட்டும்: நலமான புரதம், நோயை உண்டாக்கும் புரதம், மருந்தை எதிர்க்கும் புரதம். நோயை உண்டாக்கும் எல்858ஆர், மருந்தை எதிர்க்கும் டி790எம், சி797எஸ் சேர்ந்த அமைப்புகள் தரவு வங்கியில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பத்தியில் எண் மோசமாகவும் மற்ற இரண்டில் நன்றாகவும் வரும் மூலக்கூறுதான் வேண்டியது. எர்லோடினிப்பைவிட ஸ்கோர் அதிகம் என்ற ஒற்றை வரியை முடிவுரை ஆக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் மூலக்கூறு புரதத்தைத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் பட்டியலிட்டு, அது முதுகெலும்புச் சங்கிலியா பக்கச்சங்கிலியா என்று பக்கத்தில் குறியுங்கள். அமினோ அமிலம் மாறினால் மாறுவது பக்கச்சங்கிலி. இமாடினிப் 318ஆவது மெத்தியோனைனின் முதுகெலும்பைப் பிடித்திருக்கும் பிணைப்பை எந்த ஒற்றை எழுத்தும் எளிதில் பறிக்க முடியாது. 315இல் இருந்த பிணைப்பைப் பறித்துவிட்டது. பக்கச்சங்கிலியை நம்பும் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்றெழுத்தை எழுதி, ஒரு எழுத்து மாறினால் என்னென்ன வரலாம் என்று போட்டுப் பாருங்கள். ஒன்பது சாத்தியங்கள்தான். ஒரு பகல்பொழுது வேலை.

மூன்றாவது, திரையோடு நிற்காதீர்கள். பக்கத்துத் துறையில் செல் வளர்ப்பவர்களிடம் போய்ப் பேசுங்கள். பிஏஎஃப்3 என்ற எலிச் செல் ஐஎல்-3 என்ற புரதம் ஊட்டினால்தான் வாழும். அதில் பிசிஆர்-ஏபிஎல்லை வைத்தால் ஊட்டாமலே வாழும். உங்கள் மூலக்கூறு இரண்டாவதைக் கொன்று, ஐஎல்-3 ஊட்டிய முதலாவதை விட்டுவைத்தால் அது மருந்தாகும் வழியில் இருக்கிறது. இரண்டையும் கொன்றால் அது வெறும் விஷம்.

நான்காவது, பலிக்காததையும் எழுதுங்கள். மாறிய புரதத்தில் ஒட்டாமல் போன மூலக்கூறு, அங்கே எந்த வழி அடைபட்டிருக்கிறது என்று சொல்கிறது. அதை மறைத்தால் அடுத்து வரும் மாணவி அதே சுவரில் முட்டிக்கொண்டு ஒரு வருடத்தை இழப்பாள். வழிகாட்டிகளாக இருக்கும் என் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன்: நேர்மையாக எழுதிய தோல்விக்கு மதிப்பெண் கொடுங்கள்.

இதெல்லாம் பெரிய நாடுகளின் பெரிய கூடங்களுக்கு ஆகிற வேலை என்று நினைக்காதீர்கள். இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு 1998இல் காப்புரிமை கேட்ட விண்ணப்பம் வந்து சேர்ந்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்கு. 2006இல் அதை மறுத்ததும் அதே அலுவலகம்தான். சென்னையில் தொடங்கிய அந்த வழக்கு, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் என்று சொல்லப்பட்ட மருந்து, நம் நிறுவனங்களின் தயாரிப்பில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைத்ததால்தான் அச்சுக்கோத்துப் பிழைத்த ஒரு மனிதர் மூன்று வருடம் அதைச் சாப்பிட முடிந்தது. பிறர் கண்ட மூலக்கூறை நல்ல தரத்தில், எளியவர் வாங்கும் விலையில் செய்யக் கற்றுக்கொண்டோம். அது சிறிய காரியம் இல்லை. ஆனால் அந்த மூலக்கூறு தோற்ற நாளில், அடுத்ததை வரைந்து வைத்திருந்தவர்கள் நம்மிடம் இல்லை.

இன்றும் ஏதோ ஓர் அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் வரிசையில் கையில் ரிப்போர்ட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒருநாளும் மாத்திரை தவறாதவர். தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். அவர் உடம்பில் என்ன மாறியிருக்கும் என்பதை, அவரைப் பார்க்காமலே நீங்கள் உங்கள் மேசையில் எழுதிவிட முடியும். அடுத்த ஆய்வேட்டின் முதல் பக்கத்தை அந்தப் பட்டியலோடு தொடங்குங்கள். அதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

உங்கள் மேல் நிறைந்த நம்பிக்கையோடு,
ஒரு மருந்து வேதியியல் ஆசிரியர்